வழிமறித்தவன்

காது மடல்வரை சோப்பு நுரை ஏறிவிட்டது. இனி வாயைத் திறக்க முடியாது. அதுவும் நல்லதுக்குத்தான் என்று அர்த்தநாரி நினைத்துக்கொண்டான். ஆடிப் பதினெட்டு. விருந்துக்கு வந்த புதுமாப்பிள்ளையை வந்த காலோடு சலூனுக்கு அனுப்பிவிட்டார்கள். "முள்ளுத் தாடியோட இலையில உக்காரப்படாதுங் மாப்ள, மாதேசு கடை தொறந்திருக்கும், ஒரு எட்டுப் போயிட்டு வந்துருங்" என்றார் மாமனார். பெண்டாட்டியை இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. குளிக்கிறாள் என்றார்கள். ஆடி அழைப்பில் தாய்வீட்டுக்கு வந்து பதினேழு நாளாகிறது, புருஷன் வந்து நிற்கிற நேரம் பார்த்துக் குளிக்கப் போகிறாள். இதில் என்ன தப்பு. ஒன்றுமில்லை. குளிக்கிறவள் குளிக்கட்டும். ஆனால் நான்கு நாளாக அவனுக்கு எதைப் பார்த்தாலும் சாட்சி சொல்வதுபோலத்தான் இருக்கிறது. மாதேசு புது பிளேடைப் பாதியாக ஒடித்துக் கத்தியில் மாட்டினான். கண்ணாடியில் வெள்ளை மூஞ்சி ஒன்று தெரிந்தது. நுரைக்கு மேலே இரண்டு கண். திருடன் கண். திருடியது யார், பறிகொடுத்தது யார் என்று அந்தக் கண்ணுக்கே தெரியவில்லை. அப்போதுதான் பை ஞாபகம் வந்தது. பையை மாமனார் வீட்டு முன்கட்டுக் கட்டிலில் வைத்துவிட்டு வந்துவிட்டான். பையில் பழம், பூ, வசுமதிக்கு எடுத்த சேலை. சேலைக்கு அடியில், தினசரித் தாளில் சுற்றி, விரல் நீளத்தில் ஒரு அட்டைப் பெட்டி. திருச்செங்கோட்டில் அவனை யாருக்கும் தெரியாத மெடிக்கலாகத் தேடி, ஒரு தைல பாட்டிலும் சேர்த்து வாங்கி, தைலத்தை முன்னால் நீட்டி, பெட்டியை அதற்குப் பின்னால் வாங்கியது. இரண்டு கோடு விழுந்தால் உண்டு. ஒரு கோடு விழுந்தால் இல்லை. சேலைக்கு அடியில்தான் வைத்தானா, பழத்துக்குப் பக்கத்திலா? பழத்தை எடுக்க அத்தை பையைத் திறப்பாள். கட்டாயம் திறப்பாள். எழுந்து ஓடலாம். நுரையோடு ஓடுகிற மாப்பிள்ளையை இந்தக் குட்டைமேட்டு ஊர் மூன்று தலைமுறைக்குச் சொல்லிச் சிரிக்கும். உட்கார்ந்தான்.

எல்லாம் அம்மா ஆரம்பித்தது. நான்கு நாளுக்கு முன் சோற்றில் இரண்டாவது கரண்டி குழம்பை ஊற்றிவிட்டு, "ஏன்டா, பொங்கல் வெக்கற வரைக்கும் பொறுக்க முடியலையாக்கும்" என்றாள். சிரிப்பை முந்தானையில் மறைத்தாள். அவர்கள் வழக்கம் அப்படி. தாலி கட்டிக் கூட்டிவந்த பெண் குலசாமி கோயிலில் பொங்கல் வைத்த பிறகுதான் புருஷனோடு படுக்கலாம். ஐந்தாம் நாள் பொங்கல் என்று குறித்திருந்தார்கள். மூன்றாம் நாள் பங்காளிப் பெரியப்பா செத்துப்போனார். எண்பத்திரண்டு வயசு மனுஷன், இன்னும் ரெண்டு நாள் பொறுத்திருக்கலாம். பொறுக்கவில்லை. தீட்டு. பதினாறாம் நாள் கருமாதி முடிந்தால், ஆனியில் மிச்சமிருந்த நாளில் நல்ல நாள் இல்லை என்றார் சோசியர். அப்புறம் ஆடி. ஆவணியில் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. அதுவரைக்கும் அம்மா மருமகளைத் தன் பாயில் போட்டுக்கொண்டாள். அவன் முன்கட்டில். நடுவில் ஒரு கதவு, அதற்குக் குறுக்கே அம்மாவின் கால். அந்த அம்மாதான் இப்போது சொல்கிறாள். "நம்மூட்டுல முப்பது நாள் இருந்தா. ஒரு நாளு தூரமாயி ஒதுங்கல. சம்மந்தியம்மாவுக்குப் போனு போட்டுக் கேட்டேன், அங்கீமு இன்னும் இல்லீங்கறா. கள்ளப் பூனை. எப்படியோ குலசாமி கண்ணத் தொறந்துச்சு." தெருவுக்குள் அன்றைக்கே பரவிவிட்டது. போர்வெல் வண்டியில் கூட வேலை செய்கிறவர்கள், "என்னுங்ணா, பூசை போடறதுக்கு முந்தியே தண்ணி வந்துருச்சாமா" என்றார்கள். அவனும் சிரித்தான். ஆம்பளை என்றால் சிரித்துத்தானே ஆகவேண்டும். இல்லை, நான் தொடவில்லை என்று எந்தப் புருஷன் நடுத்தெருவில் சொல்வான். தொடவே இல்லை என்றும் சொல்ல முடியாது. அங்கேதான் சிக்கல். அங்கேதான் நான்கு நாளாக மனசு முள்ளில் துணி மாட்டியதுபோல மாட்டிக்கொண்டு கிடக்கிறது.

மாதேசு கன்னத்தை இழுத்துப் பிடித்து முதல் இழுப்பு இழுத்தான். நினைப்பு கருமாதி அன்று மத்தியானத்துக்குப் போயிற்று. எல்லோரும் ஆற்றங்கரைக்குப் போய்விட்டார்கள். வீட்டுக்குக் காவல் வசுமதி. மறந்துவிட்ட நெய்ச் செம்பை எடுக்கத் திரும்பி வந்தவன் இவன். நெய் எடுக்கப் போனவன் அரைமணி நேரம் வரவில்லை. கடலைக்காய் மூட்டை அடுக்கிய அறை, மூட்டைச் சந்தில் ஒரு சாக்கு விரிக்கிற இடம். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. சாமி குத்தம் ஆயிருங் என்று மட்டும் சொன்னாள், அதுவும் அவன் சட்டைப் பித்தானைப் பிடித்துக்கொண்டு. அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. நடப்பதற்குள் முடிந்துவிட்டது. வாசல்படிகூடத் தாண்டவில்லை. முப்பத்திரண்டு வயசு ஆள், ஆயிரம் அடி போட்டும் தளராத வண்டியை ஓட்டுகிறவன், சாக்கின்மேல் முட்டி போட்டு அசடு வழிய உட்கார்ந்திருந்தான். அவள் எழுந்துபோய்க் குழாயடியில் பாவாடையை அலசினாள். இரண்டு வாளி தண்ணீர். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அவ்வளவுதான் கணக்கு. அது போதுமா? அது போதுமா என்பதைத்தான் நான்கு நாளாகப் போனில் விரலால் தேய்த்துத் தேய்த்துக் கேட்டுக்கொண்டிருக்கிறான். ஒரு டாக்டர் ஆகாது என்கிறார். இன்னொரு டாக்டர் அபூர்வமாக ஆகலாம் என்கிறார், வாசலில் சிந்தினாலும் வழி தெரிந்து போகிறது உண்டாம். யாரோ ஒருத்தி, பெயர் இல்லை, எனக்கு அப்படித்தான் ஆயிற்று என்று எழுதியிருக்கிறாள். அந்தப் பெயரில்லாதவளை அவன் கும்பிட்டான். ஆயிரத்தில் ஒன்று என்றால் அந்த ஒன்று நானாக இருக்கக் கூடாதா. ஆயிரம் அடி வறண்ட புழுதி கக்கின குழியில் ஆயிரத்தோராவது அடியில் தண்ணீர் அடித்ததை அவனே பார்த்திருக்கிறான். அப்படியானால் பிள்ளை என்னுடையது. அப்படி இல்லை என்றால். அப்படி இல்லை என்றால் என்பதற்குப் பிறகு அவனுக்குச் சொல் வராது. ஒரு முகந்தான் வரும்.

அந்த முகம் கண்ணாடியில் வந்து நின்றது. மனசுதான் காட்டுகிறது என்று முதலில் நினைத்தான். இல்லை, நிஜமாகவே வந்து நிற்கிறது. லோகநாதன். வசுமதியின் தாய்மாமன் மகன், குட்டைமேட்டில் மெடிக்கல் கடைக்காரன். கட்டிக்கொள்ள முறையுள்ளவன், கட்டிக்கொள்ளாதவன். "வாங்ணா, எப்ப வந்தீங்" என்றான். நுரைக்குள்ளிருந்து அர்த்தநாரி ஏதோ முனகினான். லோகு பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து தாளை விரித்தான். வெள்ளைச் சட்டை, மடித்துவிட்ட கை, பையில் இரண்டு பேனா. மூக்கும் முழியும் ஒழுங்கு. கையில் கிரீஸ் கறை இல்லாத விரல். இந்த விரல்தான் அன்றைக்குக் குறுக்கே நீண்டது. தாலி கட்டி மண்டபத்தை விட்டுப் படி இறங்குகிறபோது முறைப்பையன் வழிமறிப்பது பெண்வீட்டுப் பக்கத்து வழக்கம். எனக்கு உரிமையான பெண்ணை நீ கொண்டுபோகிறாய், பதில் சொல்லிவிட்டுப் போ என்று கையை நீட்டி நிற்பான். வேட்டி துண்டு, வெற்றிலை பாக்குத் தட்டு கொடுத்தால் விலகுவான். வெறும் விளையாட்டு. ஊரே சிரிக்கும். லோகுவும் கையை நீட்டி நின்றான். "உடமாட்டேனுங்ணா, ஒரு வேட்டிக்கெல்லாம் உடற புள்ளையா இது" என்றான். கூட்டம் சிரித்தது. அப்போது வசுமதி தலையைத் தூக்கி அவனைப் பார்த்துச் சிரித்தாள். பெண் பார்த்த அன்றும் சிரிக்காதவள். தாலி கட்டும்போதும் சிரிக்காதவள். போட்டோக்காரன் சிரிங்கம்மா சிரிங்கம்மா என்று தொண்டை கட்டக் கத்தியும் உதட்டை மட்டும் இழுத்தவள். அந்த ஒரு தடவைதான். மேல்வரிசையில் ஒரு பல் லேசாகக் குறுக்கே இருப்பதே அப்போதுதான் தெரிந்தது. பெண்டாட்டி பல்லைப் புருஷன் அடுத்தவனுக்கு விழுந்த சிரிப்பில் பார்த்துத் தெரிந்துகொண்டான். ஆல்பம் வந்த அன்று அந்தப் போட்டோவைத்தான் முதலில் தேடினான். இருந்தது. அதில் இவன் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், சமையல்காரன்போல. இதைவிட எரிச்சல் ஒன்று உண்டு. உறவுமுறையில் அந்த லோகு இவனுக்குத் தம்பி. அவன் அண்ணா என்றால் இவன் தம்பியிடம் பேசுகிற வாஞ்சையோடு சாமி என்று பதில் சொல்லியாக வேண்டும். ஒரே பெண்ணுக்கு முறையாகிற இரண்டு ஆண்களை அண்ணன் தம்பி ஆக்கி வைத்த முன்னோர் யாராக இருந்தாலும், அவருக்குப் பெண்டாட்டிமேல் ஆசையே இருந்திருக்காது.

"மாப்ளைக்கு மீசையத் தொடட்டுங்களா?" என்றான் மாதேசு. வேண்டாம் என்று கையை ஆட்டினான். "வசு புள்ளைக்கு மீசை இருந்தாப் புடிக்குமுங்" என்றான் மாதேசு, யாரிடம் சொல்கிறோம் என்றே நினைக்காமல். இவனுக்கு எப்படித் தெரியும். ஊருக்கே தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. லோகுவுக்கு மீசை இருக்கிறது. பார்த்தான். இருக்கிறது, ஒழுங்காகக் கத்தரித்தது. மாதேசு பேச்சை விடவில்லை. "நல்ல குணமுங். உங்க மாமனுக்குக் காய்ச்சல்னு வந்து ரெண்டு நாள் இருந்துச்சே, அப்பப் பாத்தேன். நம்ம லோகு கடைல நின்னுட்டிருந்துச்சு. நான் கடையச் சாத்தறப்ப நின்னுச்சு, டீ குடிச்சுட்டு வாரப்பவும் நின்னுட்டுத்தான் இருந்துச்சு. அப்பனுக்கு மாத்திரை வாங்க அவ்வளவு அக்கறை." லோகு தாளைப் புரட்டினான். அந்தப் புரட்டல் கொஞ்சம் வேகமாக இருந்ததா?  அந்த இரண்டு நாள். கருமாதி முடிந்து மூன்றாம் நாள் வண்டி ராய்ச்சூர் பக்கம் போனது. ஒரு வாரம். பாறை. துளைக்கிற பிட்டு இரண்டு உடைந்தது. அங்கே இவன் புழுதியில் மூக்கைக் கட்டிக்கொண்டு நின்ற நாளில்தான், அப்பாவுக்குக் காய்ச்சல் என்று இவள் குட்டைமேட்டுக்கு வந்தாள். காய்ச்சல் நிஜந்தானா? மாமனார் நிஜமாகவே இளைத்துத்தான் இருக்கிறார். காய்ச்சல் நிஜமாக இருந்தால் மட்டும் போதுமா. மெடிக்கல் கடைக்குப் பின்னால் மாத்திரைப் பெட்டி அடுக்குகிற அறை ஒன்று எல்லாக் கடையிலும் இருக்கும். அங்கேயும் ஒரு சாக்கு விரிக்கிற இடம் இருக்கும். சீ. நினைக்காதே. நினைத்தாயிற்று. அங்கே அவள் பித்தானைப் பிடிப்பாளா? அங்கே அவன் முட்டி போட்டு அசடு வழிய மாட்டான். அவன் விரல் ஒழுங்கு, மீசை ஒழுங்கு, அவன் எல்லாமே ஒழுங்காகத்தான் செய்வான். அந்த நினைப்புத்தான் எல்லாவற்றையும்விடச் சுட்டது. அவள் தப்பு செய்திருந்தால்கூடப் பொறுக்கலாம் போலிருந்தது, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்திருப்பாளே, அதைப் பொறுக்க முடியாது. அந்தப் பெட்டியை அவள் கையில் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டு முகத்தைப் பார்க்க வேண்டும். முகம் சொல்லிவிடும். கொடுத்தபிறகு திருப்பி வாங்க முடியாது. ஒரு கோடு விழுந்தாலும் சரி, இரண்டு விழுந்தாலும் சரி, இவன் என்னைச் சந்தேகப்பட்டான் என்கிற மூன்றாவது கோடு ஒன்று அவள் மனசில் விழுந்துவிடும். அது தண்ணீரில் கழுவினால் போகாது. தெரியும். தெரிந்தும்தான் வாங்கினான்.

மாதேசு ஒரு சுற்று முடித்து முகத்தைத் துடைத்தான். தண்ணீர் குண்டா காலி. "சுடுதண்ணி வாங்கிட்டு அப்படியே டீ சொல்லிட்டு வாரனுங், ரெண்டு நிமிசம்" என்று வெளியே போனான். கடைக்குள் இரண்டு பேர். கண்ணாடிக்குள் இரண்டு பேர். லோகு தாளை மடித்து வைத்தான். எழுந்து வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றான். "ணா, ஒண்ணு சொல்லோணும். தப்பா நெனைக்கப்படாது." அர்த்தநாரி நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்தான். இதோ வருகிறது. சொல்லட்டும். "வசுவ நீங்கதான் கொஞ்சங் கண்டிக்கோணும்." வசு. தான் இன்னும் ஒருநாள்கூட அப்படிக் கூப்பிட்டதில்லை. வசுமதி என்றுகூடக் கூப்பிட்டதில்லை. இந்தா, ஏ, இங்க வா. அவ்வளவுதான். "என்ன கண்டிக்கோணும்?" என்றான். குரல் சவரக் கத்தியைவிடச் சன்னமாக வந்தது. "அந்த மாத்திரைங்ணா. தள்ளிப்போடற மாத்திரை." எதைத் தள்ளிப்போட என்று புரியாமல் கண்ணாடியில் அவனைப் பார்த்தான். லோகு தரையைப் பார்த்தான். மெடிக்கல் கடைக்காரனுக்கும் கூச்சம் வரும் போலிருக்கிறது. "கல்யாணத்தன்னிக்கும் பொங்கலன்னிக்கும் தூரமாயிறப் போகுதுன்னு அத்தைதானுங் மொதல்ல வாங்கிக் குடுத்தாங்க. எல்லா ஊட்லயும் வாங்கறதுதான். பொங்கல் முடிஞ்சா நிறுத்திக்கோணும். உங்க பொங்கல் தள்ளீட்டே போச்சுங்களா, இதுவும் திங்கறத உடல. அப்பனுக்குக் காய்ச்சல்னு வந்தப்ப ஒரே மூச்சுல ஆறு அட்டை கேட்டுச்சு. அத்தைக்குத் தெரியாது. ஒடம்பு என்னத்துக்குங்ணா ஆவும். போன வாரம் வந்து மறுக்காக் கேட்டப்ப, இல்லைன்னுட்டேன். நிறுத்தி நாலு நாளு இருக்கும்."

அர்த்தநாரிக்கு முதுகு தானாக நாற்காலியில் சாய்ந்தது. மாத்திரை. இவ்வளவுதானா. முப்பது நாள் ஒதுங்காதது அதற்கா. அம்மா எண்ணிய நாளெல்லாம் மாத்திரை எண்ணிய நாளா. பிள்ளையும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒரு மூச்சு முழுசாக உள்ளே போய் வெளியே வந்தது, நான்கு நாளில் முதல் மூச்சு. அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. மனசு மண்வெட்டியை எடுத்துக்கொண்டது. "பொங்கல்தான் ஆவணிக்குப் போயிருச்சுன்னு எல்லார்த்துக்கும் தெரியுமே. அப்புறம் எதுக்குத் தின்னா?" லோகு மேசைமேல் கிடந்த சீப்பை எடுத்து வைத்தான். மறுபடியும் எடுத்தான். "அதுக்குப் பயமுங்ணா. மாத்திரைய நிறுத்துனா வரோணும். நிறுத்தியும் வராமப் போயிட்டா? பொங்கலுக்கு முந்தியே இப்படின்னு உங்கூட்ல, சாமி குத்தம், அது இதுன்னு. தின்னுட்டு இருக்கற வரைக்கும் தெரியாது பாருங், அதுதான். அந்த மாதிரியெல்லாம் ஆவாது, ஆனாலும் ஆயிரத்துல ஒண்ணு, பயந்துக்காதன்னு நானும் எத்தனையோ சொன்னேன். நம்பல." "எந்த மாதிரி?" என்றான் அர்த்தநாரி. லோகு கண்ணாடியில் அவனை ஒருதரம் பார்த்துவிட்டு, பெஞ்சுக்குத் திரும்பிப் போய், தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டான். மாதேசு சுடுதண்ணீரோடு வந்தான். "மாப்ளைக்கு மொகம் செவந்துருச்சே, கத்தி இழுத்துருச்சுங்களா?" என்றான்.

வெயில் ஏறிவிட்டது. சலூனிலிருந்து மாமனார் வீடு நூறு தப்படி. அதை நடக்க ஒரு யுகம் ஆயிற்று. லோகுவுக்குத் தெரிந்திருக்கிறது. கடலைக்காய் மூட்டை, சாக்கு, முட்டி, வாசல்படி, இரண்டு வாளித் தண்ணீர், எல்லாம் தெரிந்திருக்கிறது. மாதேசு கடையைச் சாத்தி, டீ குடித்துவிட்டு வருகிற நேரம் முழுக்க அவள் இதைத்தான் சொல்லிக்கொண்டு நின்றிருக்கிறாள். எந்தச் சொல்லில் சொன்னாள்? அந்தச் சொல் அவளுக்கு எப்படிக் கிடைத்தது? எனக்குக் கிடைக்கவில்லையே. போனில் அடிக்கிறபோதுகூட ஒரு சொல் அடித்து, அழித்து, வேறு அடித்து. அவள் தலையைக் குனிந்துகொண்டு, மாத்திரை அட்டையை விரலால் நெருடிக்கொண்டு, இப்படி ஆனா அப்படி ஆகுமா லோகு என்று கேட்டிருப்பாள். லோகு என்றுதான் கூப்பிடுவாள். அவள் தப்பு செய்யவில்லை. அது இப்போது உறுதி. உறுதியானதும் நெஞ்சு ஆறவேண்டும் அல்லவா. ஆறவில்லை. திருடன் வரவில்லை என்று தெரிந்தபிறகும் பூட்டைப் பிடித்து ஆட்டிப் பார்க்கிறவனைப்போல மனசு எதையோ பிடித்து ஆட்டிக்கொண்டே வந்தது. உடம்பைக் கொடுத்திருந்தால்கூட ஒரு கோபம் என்று போயிருக்கும். பயத்தைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாளே. பயம் புருஷனுக்கு உரியது இல்லையா. என்னுடைய அதே பயம். அதே ஆயிரத்தில் ஒன்று. நான் கதவுக்கு இந்தப் பக்கம் வைத்துக்கொண்டு படுத்திருந்தேன், அவள் அந்தப் பக்கம் மாத்திரையாக விழுங்கிக்கொண்டு படுத்திருந்தாள், நடுவில் அம்மாவின் கால். தாண்டியிருக்கலாம். ஒரு கிழவியின் காலைத் தாண்ட முடியாதவன் ஊர் ஊராகப் பாறையை ஓட்டை போடுகிறான். பையின் ஞாபகம் வந்து நடையை எட்டிப் போட்டான்.

கட்டிலில் பை இல்லை. பழம் தட்டில் இருந்தது. சேலை சாமி படத்துக்கு முன்னால் இருந்தது. பெட்டி எங்கும் இல்லை. அத்தை அடுப்படியிலிருந்து வந்தாள். முகம் தொங்கிக் கிடந்தது. அவளை நேராகப் பார்க்க அவனுக்குத் துணிவில்லை. "என்னமோ நெனச்சோமுங் மாப்ள" என்றாள். "சாமி இன்னும் வழி உடல. காத்தால நீங்க வார நேரத்துலதான் தூரமாயிட்டா. ஆடி நோம்பி நாளும் அதுவுமா, கூட உக்காந்து சாப்பிடக்கூட முடியாது பாருங். சம்மந்தியம்மாவுக்கு நான் என்னன்னு சொல்லுவேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்புக்குப் போனாள். அத்தைக்கு ஒரு பேரன் போய்விட்டான். அம்மாவுக்கும் போய்விடுவான். அவனுக்குப் போனது எது, வந்தது எது என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை. பின்கட்டுக்குப் போனான். மாட்டுக் கொட்டகை ஓரம், தனியாகப் போட்ட சாக்கில், ஈரத் தலையோடு வசுமதி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தனித் தட்டு, தனிச் செம்பு. அவனைப் பார்த்ததும் எழுந்தாள். நான்கு அடி தள்ளி நின்றான், அதுதான் முறை. கேட்டுவிட வேண்டும். ஏன் அவங்கிட்டச் சொன்னே. ஏன் எங்கிட்டச் சொல்லலே. இரண்டு கேள்வியும் நாக்கு நுனியில் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நின்றன. அதற்குள் அவள் சாக்கைத் தூக்கினாள். அடியில் தினசரித் தாளில் சுற்றிய பெட்டி.

"சேலையப் பாக்கலாம்னு ஆருக்கும் தெரியாமப் பையத் தொறந்தேன், அம்மா வாரதுக்குள்ள இத எடுத்துட்டனுங்" என்றாள் மெதுவாக.  தீர்ந்தது. மூன்றாவது கோடு விழுந்துவிட்டது. இனி இவள் பேசப்போகிற ஒவ்வொரு சொல்லுக்கும் தலையைக் குனிந்துகொண்டு நிற்கவேண்டியதுதான். அவள் தாளைப் பிரித்துப் பெட்டியைப் பார்த்தாள். அப்புறம் அவனைப் பார்த்தாள். "நீங்களும் இத்தன நாளா பயந்துட்டேயா இருந்தீங்?"  "எனக்கு மட்டுந்தான்னு நெனச்சேனுங். உங்களுக்கு அதெல்லாம் மறந்தே போயிருக்கும்னு நெனச்சேன். கேக்கலாம்னா உங்கூட்ல அத்தை பக்கத்துலயே படுத்திருந்தாங்க. உங்ககிட்ட எப்படிக் கேக்கறதுன்னு வெக்கம் வேற. அன்னிக்கு உங்க மொகமே செத்துப்போயிருந்துச்சு, அதப் போயி ஞாபகப்படுத்தறதான்னு. லோகுகிட்ட மருந்துக்கடைக்காரன்னு நெனச்சுக் கேட்டேன், அவன் ஆவாதுன்னான். அவன் சொன்னா நெஞ்சு நம்பிருமா." பெட்டியைப் பத்திரமாக மறுபடியும் தாளில் சுற்றினாள். "எனக்காகக் கடைல நின்னு கேட்டு வாங்கிட்டு வந்தீங்களா?" "ஆமா" என்றான். அவள் சிரித்தாள். மேல்வரிசையில் அந்தக் குறுக்குப் பல். மண்டபத்துப் படியில் பார்த்த அதே சிரிப்பு, அதைவிடக் கொஞ்சம் பெரிசு. இத்தனை நாளாக ஆல்பத்தைப் புரட்டிப் புரட்டி வயிறு எரிந்தது இதற்குத்தான். இதோ, நான்கு அடி தூரத்தில், நேராக அவனைப் பார்த்து. அர்த்தநாரிக்குத் திரும்பிப் பார்க்கத் தோன்றியது, பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று. நின்றான். அவளுக்காகப் பயந்தவன், அவளுக்காகக் கூச்சத்தை விட்டுக் கடையில் நின்றவன், அவளைப்போலவே தூங்காதவன் ஒருத்தன் அவள் கண்ணுக்கு அங்கே நின்றுகொண்டிருந்தான். அவள் அவனைப் பார்த்துத்தான் சிரித்தாள். அவன் நல்லவன். அவன்மேல் அர்த்தநாரிக்கு எரிந்தது. லோகுமேல் எரிந்ததெல்லாம் அதற்கு முன்னால் தூசு.

"ஏனுங்" என்றாள். தலையைக் குனிந்துகொண்டாள். "ஒரு பாக்கெட்டு வாங்கியாறீங்களா. கையில ஒண்ணுந்தான் இருக்குது. அம்மாகிட்டச் சொன்னா பழந்துணியக் குடுக்கும்." எந்தப் பாக்கெட் என்று அவன் கேட்கவில்லை. என்ன பேரு, என்ன கலரு என்று மட்டும் கேட்டான். சொன்னாள். "லோகு கடையிலயே இருக்குமுங்" என்றாள். தலையை ஆட்டிவிட்டு, மாமனாரின் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். இலை போடற நேரத்துல எங்கீங் மாப்ள என்று மாமனார் வாசல்வரை வந்து கேட்டார். இதோ வந்துட்டேன் என்றான். மெடிக்கல் கடை திறந்திருந்தது. சலூனிலிருந்து திரும்பிய லோகு, புதுச் சவரம், கல்லாவில் நின்றபடி வண்டியைப் பார்த்துக் கையைத் தூக்கினான். வாங்ணா என்று உதடு அசைந்தது. கையை நீட்டி வழியை மறித்தாற்போலவே இருந்தது. அர்த்தநாரி தலையை மட்டும் அசைத்துவிட்டு, வண்டியை நிறுத்தாமல், ஒன்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற சங்ககிரிக்கு விட்டான். பாக்கெட் பேரை மறந்துவிடக் கூடாது என்று வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனான்.